ஒரே வாசல், இரண்டு சம்பளம்: வாசகர் கேள்வி பதில்

படித்து முடித்து, வேலைக்கும் போய்க்கொண்டு, பெற்றோர் வீட்டிலேயே இருக்கிற பிள்ளைகள். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைப் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். குடும்பநல ஆலோசகரும் வழக்கறிஞரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: மகனுக்கு 29 வயது. கம்ப்யூட்டர் வேலை, வாரத்தில் 4 நாள் வீட்டிலிருந்தேதான். மாதம் 5,000 ரூபாய் தருகிறான். சில மாதம் அதுவும் மறந்துபோகும். பெற்ற பிள்ளையிடம் சாப்பாட்டுக்குக் காசு கேட்க வாய் வரவில்லை. உறவினர்களோ, "இன்னும் அம்மா முந்தானைதானா" என்கிறார்கள். எவ்வளவு கேட்கலாம், எப்படிக் கேட்பது?
*வாசகி, திருச்சி*

முதலில் உறவினர் பேச்சை ஓரமாக வையுங்கள் அம்மா. 29 வயதில் பிள்ளை வீட்டில் இருப்பது குறையில்லை. வீடு என்ன செலவில் ஓடுகிறது என்பது 29 வயதிலும் அவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் குறை. அதைத் தெரியவைக்காமல் இருந்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள், அநேக வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது.

"எவ்வளவு தருவாய்?" என்று கேட்டால் பேரம் ஆகிவிடும். 2 மாதத்துக்கு ஒரு நோட்டில் செலவை எழுதுங்கள். மின்கட்டணம் 2 மாதத்துக்கு ஒருமுறை வருவதால் ஒரு மாதக் கணக்கு போதாது. மூன்று பேர் உள்ள வீட்டுக்கு ஒரு மாதக் கணக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: மளிகை 6,500, காய் பழம் 3,500, பால் 2,400, கறி மீன் 2,500, காஸ் 900, மின்சாரம் 1,600, இன்டர்நெட் 800, வீட்டுவேலைக்கு வருபவர் சம்பளம் 2,500, கேன் தண்ணீர் 700, பழுது பார்க்கவும் சொத்து வரிக்கும் ஒதுக்கீடு 1,500. மொத்தம் 22,900 ரூபாய்.

இதை அப்படியே மூன்றால் வகுக்காதீர்கள். அவருக்காக மட்டும் ஆகும் செலவைத் தனியே எடுங்கள். இன்டர்நெட் முழுக்க அவர் வேலைக்குத்தான் என்றால் 800. அவர் அறை ஏ.சி.யை மதிப்பிட மீட்டரே போதும்: படுக்கப் போகும்போது ஒரு ரீடிங், காலையில் ஒரு ரீடிங். ஏ.சி. போடாத ஓர் இரவும் அதேபோல் பாருங்கள். 1.5 டன் ஏ.சி. இரவு 8 மணி நேரம் ஓடினால் 6 முதல் 8 யூனிட் வரை போகலாம், இன்வெர்ட்டர் வகை என்றால் குறையும். அந்த வித்தியாசம் மாதம் 900 ரூபாய் வருகிறது என்றால், 22,900-ல் 1,700 போக மீதி 21,200. மூன்றில் ஒரு பங்கு 7,066. அதோடு அவருடைய 1,700-ஐக் கூட்டினால் 8,766 ரூபாய். நோட்டை அவர் கையில் கொடுத்து அவரையே கூட்டச் சொல்லுங்கள். தான் கூட்டிப் பார்த்த தொகையை எந்தப் பிள்ளையும் "அம்மா காசு கேட்கிறாள்" என்று எடுத்துக்கொள்ள மாட்டான்.

தொகை முடிவானதும் சம்பளம் ஏறும் நாளுக்கு அடுத்த நாள் உங்கள் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு போடச் சொல்லுங்கள். உங்கள் கணக்குக்கு என்பது முக்கியம். பல வீடுகளில் மகன் அப்பாவிடம் பணம் கொடுக்கிறான், கடைக்குப் போகிற அம்மா ஒவ்வொரு முறையும் அப்பாவிடம் கை நீட்டுகிறாள். "பால் காரருக்கு 600 அனுப்பு, காய்க்கு 200 அனுப்பு" என்று அவ்வப்போது கேட்டு வாங்குவதும் வேண்டாம். நாலு நாளுக்கொரு முறை கேட்டால் இருவருக்குமே சலிப்புத் தட்டிவிடும்.

இன்னொன்று. அவர் தரும் பணத்தை அவருக்கே தெரியாமல் அவர் கல்யாணத்துக்கென்று சீட்டுக் கட்டுவதைத் தாய்மார்கள் பாசமாக நினைக்கிறார்கள். பிறகொரு நாள் தெரியவந்தால், "அப்போ வீட்டுக்கு என் காசு தேவையே இல்லை" என்றுதான் அவருக்குத் தோன்றும். சேமிக்க வேண்டுமானால் அவர் பெயரில் அவரே சேமிக்கட்டும்.

பணத்தோடு ஒரு வேலையையும் முழுதாக ஒப்படையுங்கள். "கொஞ்சம் உதவி செய்" என்றால் எதுவும் நடக்காது. காஸ் என்றால் பதிவு செய்வதில் தொடங்கி, சிலிண்டர் வந்ததும் கசிவு பார்த்து, காலி சிலிண்டரை எடுத்து வெளியே வைப்பது வரை அவர் பொறுப்பு. ஒருமுறை மறந்தால் ஓடிப்போய் நீங்கள் செய்யாதீர்கள். அன்று இட்லி கடையிலிருந்து வரட்டும்.

கேள்வி: வெளிநாட்டில் 18 வயதானதும் பிள்ளைகள் வெளியே போய்விடுகிறார்களாமே? நாம்தான் கெடுக்கிறோமா?
*வாசகர், புதுச்சேரி*

எல்லா வெளிநாடும் ஒன்றில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022 கணக்குப்படி, பிள்ளைகள் பெற்றோர் வீட்டைவிட்டுப் போகும் சராசரி வயது 26.4. பின்லாந்தில் 21.3, குரோஷியாவில் 33.4. படிக்கிறவர்களுக்கு அரசு உதவித்தொகையும் வாடகை உதவியும் கிடைக்கிற நாடுகளில் சீக்கிரம் போகிறார்கள். வாடகை அதிகமாகவும் நிரந்தர வேலை குறைவாகவும் உள்ள தெற்கு ஐரோப்பாவில் 30-ஐ ஒட்டித்தான் போகிறார்கள். அமெரிக்காவிலேயே 2020 ஜூலையில், கொரோனா காலத்தில், 18 முதல் 29 வயதுக்காரர்களில் 52 சதவீதம் பேர் பெற்றோருடன் இருந்தார்கள். இத்தாலியில் 2007-ல் நிதியமைச்சர் ஒருவர் இப்படிப்பட்ட பிள்ளைகளை "வளர்ந்த குழந்தைகள்" என்ற பொருளில் கேலி செய்து பெரும் எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டார். வாடகையையும் சம்பளத்தையும் பார்க்காமல் பிள்ளைகளின் குணத்தைப் பழிப்பது எல்லா ஊரிலும் இருக்கிறது.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். 1,200 சதுர அடி மனையில் 1998-ல் கட்டிய வீடு, என் சுயசம்பாத்தியம். மகனும் மருமகளும் எங்களோடு இருக்கிறார்கள். "மேலே மாடி கட்டிக்கொள்கிறேன், 20 லட்சம் கடன் போடுகிறேன், வீட்டை என் பெயருக்கு எழுதிக் கொடுங்கள்" என்கிறான். மகள் திருமணமாகி ஓசூரில் இருக்கிறாள். மனைவி, "பிள்ளைதானே, எழுதிக் கொடுங்கள்" என்கிறாள். என்ன செய்யலாம்?
*வாசகர், மதுரை*

ஐயா, தமிழ்நாட்டில் எந்தத் தெருவுக்குப் போனாலும் மொட்டைமாடியில் தூண்கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். "பையன் தலையெடுத்து மேலே கட்டிக்கொள்வான்" என்று விட்டுவைத்த கம்பிகள். உங்கள் மகன் கேட்பது நியாயமான ஆசைதான். முழு வீட்டையும் எழுதித்தான் அதை நிறைவேற்ற வேண்டும் என்பதில்லை.

பத்திரத்துக்கு முன்பு பொறியாளர். 1998 வீடு தூண் நிறுத்திக் கட்டியதா, சுவரே பாரம் தாங்கும்படி கட்டியதா என்று பாருங்கள். தூண் கட்டடம் என்றால் அஸ்திவாரத்தில் ஒரு மூலையைத் தோண்டி அடித்தளத்தின் அளவையும் ஆழத்தையும் பார்த்து, தூணின் கான்கிரீட் பலத்தையும் சோதித்த பிறகே மேலே ஏற்றலாமா என்று சொல்வார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி உதிரும் அளவுக்குத் துருவேறியிருந்தால் அதோடு புதுக் கம்பியைக் கட்டக் கூடாது. கான்கிரீட்டை உடைத்து நல்ல கம்பி தெரியும் இடத்திலிருந்து இணைக்க வேண்டும். இதைச் செய்யாமல் மாடி ஏற்றிய வீடுகளில்தான் கீழ்வீட்டுச் சுவரில் குறுக்குவாட்டில் வெடிப்பு விழுகிறது.

இனி எழுதிக் கொடுப்பது. சுயசம்பாத்தியச் சொத்து, யாருக்கு எவ்வளவு என்பது உங்கள் முடிவு. எங்கள் ஆலோசனை: மனையில் பிரிபடாத பாகமாக (இன்ன பக்கம் என்று பிரித்துக் காட்டாத பங்காக) பாதியை மட்டும், அதாவது 600 சதுர அடியை, மேல்தளம் கட்டும் உரிமையோடு மகனுக்கு செட்டில்மென்ட் (பணம் வாங்காமல் குடும்பத்துக்குள் எழுதிக் கொடுக்கும் பத்திரம்) செய்யுங்கள். கீழ்வீடும் மீதிப் பாதியும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

செலவு இப்படி வரும். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் உயர்த்திய அளவு இது. வழிகாட்டி மதிப்பு (பத்திரப்பதிவுக்கு அரசு நிர்ணயித்த விலை) சதுர அடிக்கு 3,000 என்றால் 600 சதுர அடிக்கு 18 லட்சம். தீர்வை 18,000, பதிவுக் கட்டணம் 10,000, ஆக 28,000. பத்திரம் எழுதும் கூலி தனி. இந்தச் சலுகைக்கான குடும்பப் பட்டியலில் மகன் உண்டு, மருமகள் இல்லை. இருவர் பெயரையும் போட நினைத்தால் முதலில் மகன் பெயருக்கு மட்டும் எழுதுங்கள்.

பத்திரத்தில் மூன்று வரிகள் கட்டாயம் வேண்டும். உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் ஆயுள் உள்ளவரை கீழ்வீட்டில் குடியிருக்கும் உரிமை. பெற்றோரின் உணவு, மருத்துவம், பராமரிப்பை மகன் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் இந்தச் செட்டில்மென்ட் என்ற வாசகம். மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, ஆழ்துளைக் கிணறு, நடைபாதை ஆகியவை இருவருக்கும் பொது என்பது. இரண்டாவது வரி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைக் கீழே சேலம் வாசகருக்குச் சொல்லும் பதிலில் பாருங்கள்.

வங்கிக் கடனில்தான் ஆபத்து இருக்கிறது. பல வங்கிகள் மூலப்பத்திரத்தை வாங்கி முழுச் சொத்தையும் அடமானமாகப் பதியும். அப்படியானால் மகன் தவணை கட்டத் தவறும் நாளில் நீங்கள் குடியிருக்கும் கீழ்வீடும் சேர்ந்தே ஏலத்துக்கு வரும். 20 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் தவணை மாதம் சுமார் 17,350 ரூபாய். இவ்வளவும் ஒருவர் சம்பளத்தை நம்பித்தான் நிற்கப்போகிறது. அதனால் கையெழுத்துக்கு முன்பு இரண்டு நிபந்தனை வையுங்கள்: கடன் தொகைக்குக் குறையாத டேர்ம் இன்ஷூரன்ஸ் (எடுத்தவர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) மகன் எடுக்க வேண்டும், 6 மாதத் தவணை (சுமார் 1,04,000 ரூபாய்) தனி வைப்பில் இருக்க வேண்டும். மகன் முகம் சுளித்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மகளிடம் இப்போதே சொல்லுங்கள். பத்திரப்பதிவு முடிந்த பிறகு வில்லங்கச் சான்றில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் மகள்களின் கடிதங்கள் எங்களுக்கு நிறைய வருகின்றன. அவர்களை வருத்துவது கிடைக்காத பங்கைவிட, தன்னிடம் மறைத்தார்கள் என்பதுதான். உங்கள் பாதியை யாருக்கு என்று ஓர் உயிலில் எழுதிவையுங்கள். இரண்டு சாட்சி போதும், பலன் பெறுபவரைச் சாட்சியாக்க வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட்டை அப்படி மாற்ற முடியாது.

கட்டும்போது படிக்கட்டு வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். அகலம் 3 அடிக்குக் குறையாமல், படி உயரம் 6 முதல் 7 அங்குலத்துக்குள், இரு பக்கமும் கைப்பிடி. பேரனைப் பார்க்க ஏறப்போவது நீங்கள்தான். மேலே தனிச் சமையலறையும் தனி வாசலும் இருந்தால் தனி மின் இணைப்பு கேட்கலாம். மோட்டாரை எந்த மீட்டரில் இணைப்பது என்று வயரிங்குக்கு முன்பே முடிவு செய்யுங்கள். மாடியில் இருப்பவர்கள் தண்ணீர் ஏற்ற, கீழ்வீட்டு மீட்டர் சுற்றுவதுதான் பல வீடுகளில் முதல் மனக்கசப்பு. மேல்தளக் குளியலறையை உங்கள் படுக்கையறைக்கு மேல் வரவிடாதீர்கள். கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே அமைத்தால் குழாய் ஒரே வழியில் இறங்கும், கசிந்தாலும் படுக்கையறைக் கூரை தப்பும்.

கேள்வி: எனக்கு 31 வயது, கல்லூரியில் வேலை, திருமணத்தில் இப்போதைக்கு விருப்பமில்லை. அப்பா அம்மாவோடு இருக்கத்தான் பிடித்திருக்கிறது. ஆனால் இரவு 8 மணிக்கு மேல் ஆனால் விசாரணை. தனியாக வீடு எடுத்துப் போனால் "ஊர் என்ன சொல்லும்" என்கிறார்கள். தம்பிக்கு 27 வயது, அவன் 11 மணிக்கு வந்தாலும் யாரும் கேட்பதில்லை.
*வாசகி, கோயம்புத்தூர்*

உங்கள் கோபம் முழுக்க நியாயமானது சகோதரி. சம்பாதிக்கிற மகளை வீட்டில் வைத்துக்கொண்டே சிறுமி போல நடத்துவது நம் குடும்பங்களில் ஊறிப்போன பழக்கம்.

கேட்டுவிட்டுப் போவது வேறு, சொல்லிவிட்டுப் போவது வேறு. 31 வயதில் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டாவது. "இன்னைக்கு லேட்டாகும், போகட்டுமா?" என்றால் அனுமதி. "இன்னைக்கு டிபார்ட்மென்ட்ல வேலை இருக்கு, 9.30-க்கு வந்துடுவேன், சாப்பாடு வேண்டாம்" என்றால் தகவல். தகவல் மாலை 6 மணிக்குள் போய்விட வேண்டும். அதற்குக் காரணம் அதிகாரம் இல்லை, அடுப்பு. இரவுக்கு எத்தனை பேருக்கு மாவு எடுப்பது, சாதம் வடிப்பது என்று அம்மா தீர்மானிப்பது அந்த நேரத்தில்தான். 10.30 மணிக்கு நீங்கள் உள்ளே நுழையும்போது தட்டுப் போட்டு மூடிய குழம்புப் பாத்திரமும், சத்தத்தைக் குறைத்துவைத்த டி.வி.யும், அதன் எதிரே தூங்காமல் உட்கார்ந்திருக்கிற அம்மாவும் இருந்தால், அன்றைய சண்டை சோறு வீணானதிலிருந்துதான் தொடங்கும். 6 மணித் தகவல் அந்தச் சண்டையில் பாதியைத் தீர்த்துவிடும்.

மீதிப் பாதி, தம்பி. இதே விதியை அவருக்கும் போடச் சொல்லிக் கேளுங்கள். "அவனைக் கேட்பதில்லையே" என்று புகாராகச் சொல்லாமல், "யார் 9 மணிக்கு மேல் வந்தாலும் 6 மணிக்குள் சொல்ல வேண்டும்" என்று வீட்டு விதியாக வையுங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் அது காவல். எல்லோருக்கும் என்றால் ஒழுங்கு. பெற்றோரால் இதை மறுத்துப் பேச முடியாது.

பணத்திலும் கண் வையுங்கள். திருமணமாகாத மகளின் சம்பளம் தம்பியின் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும், 40 வயதில் கையில் ஒன்றும் இருக்காது. வீட்டுச் செலவுக்கு உங்கள் பங்கைக் கொடுங்கள். வீட்டுக் கடனில் பங்கு கட்டினால் பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள அதே உரிமை மகளுக்கும் உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005-ல் நாடு முழுவதும் வந்த இந்தத் திருத்தம், திருமணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது.

கேள்வி: சென்னையில் அப்பா பெயரிலுள்ள வீட்டில் இருக்கிறேன். அப்பாவுக்கு வாடகை கொடுத்து அலுவலகம் சம்பளத்தோடு தரும் வீட்டு வாடகைப்படிக்கு (எச்.ஆர்.ஏ.) வரிவிலக்கு கேட்கலாமா? இது ஏமாற்று வேலை என்கிறார் நண்பர்.
*வாசகர், வேளச்சேரி*

உண்மையாகவே வாடகை கொடுத்தால் ஏமாற்று இல்லை, சட்டப்படி சரி. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்தான் இந்த விலக்கு. புதிய முறையில் கிடையாது.

மூன்று தொகைகளில் எது குறைவோ அதற்கு விலக்கு: கம்பெனி தரும் வாடகைப்படி, கொடுத்த வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதம் போக மீதி, சென்னை என்பதால் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம். அடிப்படை 50,000, வாடகைப்படி 20,000, வாடகை 15,000 என்று வையுங்கள். 20,000, 10,000, 25,000 என்று வரும். மாதம் 10,000-க்கு விலக்கு.

வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை என்றால் அப்பாவின் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அப்பா தன் கணக்கில் 1,80,000-ஐ வாடகை வருமானமாகக் காட்ட வேண்டும். 30 சதவீதம் கழித்து 1,26,000-தான் வருமானத்தில் சேரும். ஓய்வூதியம் குறைவாக இருந்து, அவர் புதிய முறையில் இருந்தால், மொத்த வருமானம் 12 லட்சம் வரை 2025-26 முதல் வரி வராது.

சிக்குவது எங்கே? வாடகையை அனுப்பிவிட்டு மறுநாளே அதே தொகையை அப்பா திருப்பி அனுப்புவது. வருடக் கடைசியில் 12 ரசீதை ஒரே பேனாவில் எழுதுவது. வீடு அம்மா பெயரிலிருக்க அப்பா ரசீது கொடுப்பது. உங்கள் பெயரும் பத்திரத்தில் இருந்தால் உங்கள் வீட்டுக்கு நீங்களே வாடகை கொடுத்ததாகிவிடும். ஒப்பந்தம் எழுதி, மாதாமாதம் வங்கி வழியாக அனுப்புங்கள்.

கேள்வி: 26 வயது மகன், 4 வருடமாக வீட்டிலிருந்து குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கிறான். என் கணவர் சாப்பிடும்போதெல்லாம் "தண்டச்சோறு" என்கிறார். இருவருக்கும் நடுவில் நான்.
*வாசகி, நாகர்கோவில்*

அந்தச் சொல்லை உங்கள் கணவர் இன்றோடு விட வேண்டும். தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் எதிர்காலம் பேசக் கூடாது. பேச வேண்டியதை ஞாயிறு காலை, ஒரு மணி நேரம், காலண்டரை நடுவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இந்தத் தேர்வை நடத்தும் யு.பி.எஸ்.சி. ஆணையத்தில் பொதுப் பிரிவுக்கு 32 வயது வரை 6 முறை, பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது வரை 9 முறை என்று இருக்கிறது. ஆணையம் 9 முறை தருகிறது என்பதற்காக வீடும் 9 முறை தர வேண்டும் என்றில்லை. இதுவரை எழுதிய முதல்நிலைத் தேர்வுகளின் மதிப்பெண்களை அவர் எடுத்துவைக்கட்டும். கட்-ஆஃபை நெருங்கிக்கொண்டே வந்தால் இன்னும் 2 முறை. ஒரே இடத்தில் நின்றால் இன்னும் ஒன்று. எந்த மாதத் தேர்வு முடிவோடு நிறுத்தி வேலை தேடுவது என்பதைத் தேதியாக எழுதுங்கள். "பாஸாகும் வரை" என்பது தேதி இல்லை.

அதுவரை மாதம் 3,000 ரூபாய் அவர் கணக்கில் போடுங்கள், பேனாவுக்கும் பஸ்ஸுக்கும் ஒவ்வொரு முறையும் கேட்டு நிற்க வேண்டாம். மாலையில் 2 மணி நேரம் டியூஷன் எடுப்பது படிப்பைக் கெடுக்காது. நாள் முழுக்க வீட்டில்தானே இருக்கிறான் என்று ரேஷன், பேங்க், மருத்துவமனை எல்லாவற்றுக்கும் அவரையே விரட்டுவதுதான் கெடுக்கும். வீட்டு வேலை நாளுக்கு ஒரு மணி நேரம், அது எந்த மணி என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். தூக்கம் கெட்டு, யாரோடும் பேசாமல், சாப்பாடும் குறைந்தால் தேர்வைப் பிறகு பார்க்கலாம், முதலில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசு மாவட்ட மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு உண்டு.

கேள்வி: 2019-ல் வீட்டை மகனுக்கு செட்டில்மென்ட் செய்தேன். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இப்போது சாப்பாடும் இல்லை, "முதியோர் இல்லத்துக்குப் போங்கள்" என்கிறான். எனக்கு 71, மனைவிக்கு 66. பத்திரத்தில் நிபந்தனை எதுவும் எழுதவில்லை.
*வாசகர், சேலம்*

படித்ததும் மனம் கனத்துவிட்டது ஐயா. வீட்டைவிட்டு வெளியேறாதீர்கள். வழி இருக்கிறது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ன் 23-வது பிரிவுப்படி, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பின் பேரில் எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட்டில் பராமரிப்பு நிபந்தனை வெளிப்படையாக இல்லாவிட்டாலும் உள்ளடங்கியிருப்பதாகக் கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. உங்கள் பத்திரத்தில் "அன்பின் பேரில்", "வயோதிகக் காலத்தில்" போன்ற சொற்கள் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) நீங்களும் மனைவியும் விண்ணப்பம் கொடுங்கள். வழக்கறிஞர் தேவையில்லை. மாதப் பராமரிப்புத் தொகை (10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம்), செட்டில்மென்ட் ரத்து, இரண்டையும் ஒரே மனுவில் கேளுங்கள். பத்திர நகல், வயதுக்கு ஆதார், பாஸ்புக், மருந்துச் சீட்டுகள், எந்தத் தேதியில் என்ன நடந்தது என்ற ஒரு பக்கக் குறிப்பு, அக்கம்பக்கத்தார் இருவர் பெயர் ஆகியவற்றை இணையுங்கள். வெறும் "கொடுமை செய்கிறான்" என்று எழுதினால் மனு நிற்காது. எந்த மாதத்திலிருந்து சாப்பாடு நின்றது, மருந்துச் செலவு யார் கட்டினார்கள் என்று எழுதுங்கள். பராமரிப்பு மனுவை நோட்டீஸ் சேர்ந்த 90 நாளில் முடிக்க வேண்டும், மிஞ்சினால் இன்னும் 30 நாள். தீர்ப்பு பாதகமானால் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு.

இதற்கிடையே பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். சொத்து இன்னும் மகன் பெயரில்தான் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ரத்து உத்தரவு வந்தால் அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான் வில்லங்கத்தில் ஏறும். அடி, மிரட்டல் என்றால் காவல் நிலையத்துக்குப் போங்கள். எந்த உதவிக்கும் முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை.

கேள்வி: ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனி அடுப்பு வைத்தால் அசிங்கமா? மாமியாருக்கு உப்பில்லாமல், எங்கள் குழந்தைகளுக்கு வேறு மாதிரி, தினமும் இரண்டு சமையல்.
*வாசகி, ஈரோடு*

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்று பெரியவர்களே சொல்லிவைத்திருக்கிறார்கள். அசிங்கம் ஒன்றும் இல்லை. ஆனால் முதலில் சிறியதாகத் தொடங்குங்கள்: குழம்பையும் பொரியலையும் உப்புப் போடும் முன்பு ஒரு கரண்டி தனியே எடுத்துவையுங்கள், மாமியாருக்கு அதில் எலுமிச்சையும் மிளகும் சேருங்கள். காலை டிபன் மட்டும் அவரவர் அடுப்பு, மதியமும் இரவும் பொது என்று 2 மாதம் நடத்திப் பாருங்கள்.

அப்படியும் ஒத்துவராவிட்டால், மாமியாருக்குத் தெரியாமல் இண்டக்‌ஷன் அடுப்பை உங்கள் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கூடத்தில் உட்கார்ந்து மாமனார், மாமியார், கணவர் மூவரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். படுக்கையறை பிளக்கில் மாட்டுவதும் வேண்டாம். 2,000 வாட் அடுப்புக்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும், 6 ஆம்பியர் சாக்கெட் உருகிவிடும். தனிச் சமையலறை இருந்தால் தனி காஸ் இணைப்பும் தனிக் குடும்ப அட்டையும் கேட்கலாம். அட்டைக்கு முதலில் பழைய அட்டையிலிருந்து உங்கள் பெயரையும் கணவர், குழந்தைகள் பெயரையும் நீக்க வேண்டும், ஆய்வுக்கு வருபவர்கள் அடுப்பைத்தான் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமைச் சமையலை மட்டும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள்.